மேற்குத் தெருவில் நின்ற மேகம்

எலீம்புரத்தில் மழை பெய்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, சத்துணவுக் கூடத்தில் அடுப்பு பற்றவைக்கப் போவதற்காக வீட்டுக் கதவைத் திறந்த எப்சிபாய், முற்றத்தில் ஒரு மேகம் நிற்பதைக் கண்டாள். ஆள் உயரத்துக்கு ஒரு முழம் கூடுதலாக, இரண்டு பேர் கைகோத்தால் கட்டிப்பிடிக்கிற அகலத்தில், பழைய வேட்டியின் நிறத்தில், தரையைத் தொடாமல் நின்றது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் அது முன்னால் நகர்ந்தது, அவள் நின்றதும் நின்றது, அவள் மறுபடி காலெடுத்து வைத்ததும் வழி தெரிந்த மாடு போல வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

தினமும் காலையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, இன்றைக்கு என்னை வழிநடத்தும் ஆண்டவரே என்று கேட்பது அவள் வழக்கம். அவள் மட்டும் இல்லை, எலீம்புரத்தின் நூற்று நாற்பது வீடுகளிலும் அந்த நேரத்துக்கு அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள், பல் தேய்ப்பதற்கும் காப்பி குடிப்பதற்கும் நடுவே சொன்னார்கள், அவர்களுடைய தகப்பன்மார் சொன்னது போலவே சொன்னார்கள், பதில் வரும் என்று நினைத்துச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அதனால் மேகத்தைக் கண்டபோது எப்சிபாய்க்கு ஆச்சரியம் வரவில்லை. தான் சொன்னது யாருடைய காதிலோ விழுந்துவிட்டது என்ற பயம்தான் வந்தது.

அன்று அது அவளுக்கு முன்னால் கோயில் தெரு நெடுகப் போயிற்று, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிற்று, பள்ளிக்கூடத்துக்கு நேரே போகிற பாதையை விட்டுவிட்டு மேற்குத் தெருவின் முனையில் திரும்பிற்று, திரும்பி, அந்தத் தெருவில் மூன்றாவது வீடான பொன்சிங்கின் நீலக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. எப்சிபாய் தெருமுனையிலேயே நின்றாள். ஏழு வருஷமாக அவள் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, மேகம் மறுபடியும் அவள் முற்றத்தில் நின்றது, கோபம் எதுவும் இல்லாமல் நின்றது. மறுநாள் காலையில் அதே வழியாகக் கூட்டிப்போய் அதே கேட்டுக்கு முன்னால் நின்றது.

ஊருக்கு அது பழகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேகம் போகிற வழியில் துணி காயப் போட்டால் காயாது என்று பெண்கள் கண்டுபிடித்து, கொடியை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். அது கடந்துபோன இடத்தில் செம்மண்ணிலிருந்து மழை வாசனை வந்தது, அந்த வாசனைக்காகக் கிழவர்கள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள், கோழிகள் நிழலுக்காக அதன் பின்னால் நடந்தன, மினிபஸ் ஓட்டுகிறவன் அது தெருவைக் கடக்கும்வரை வண்டியை நிறுத்தி ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டான். ஆடி பிறந்து, தேரிக்காட்டுச் சிவப்பு மணலைக் காற்று வாரிக்கொண்டுவந்து கூரையிலும் குழம்பிலும் போட்டபோது, ஓலைப் பெட்டிகளும் தகரங்களும் ஊரைவிட்டுப் பறந்தபோது, மேகம் மட்டும் ஓரம்கூடக் கலையாமல் தன் இடத்தில் நின்றது. டிவிக்காரர்கள் ஒரு நாள் வந்தார்கள். கேமராவில் அது குப்பை எரிகிற புகை மாதிரி விழுந்ததால், இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். காய்ச்சல்காரக் குழந்தைகளை அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தூக்கிவந்து அதன் கீழே உட்காரவைத்தார்கள். சில பிள்ளைகளுக்குக் குணமாயிற்று, சில பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது.

எல்லாரும் எப்சிபாயைத்தான் தேடிவந்தார்கள். துபாய் விசா வந்திருக்கிறது போகலாமா, கிணற்றை இன்னும் பத்தடி தோண்டலாமா, மகளை நர்சிங் சேர்க்கலாமா டீச்சர் டிரெயினிங்கா என்று அவள் வாசலில் நின்று மேகத்தைக் கேட்டார்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, சாயாதபோது சாய்ந்ததாகச் சொல்லிக்கொண்டு, அவரவர் செய்ய நினைத்ததையே செய்யப் போனார்கள்.

"நீ கொடுத்து வச்சவ எப்சி," என்றார்கள் பெண்கள். "எங்களுக்கெல்லாம் கும்மிருட்டுல தடவுத மாதிரி இருக்கு. உனக்கு முன்னாடியே நடந்து போவுதே."

அவள் சிரித்துவைத்தாள். அது எங்கே கூப்பிடுகிறது என்பது அவளுக்கு முதல்நாளே தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் கோயில்பிள்ளை, டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். டிராக்டர் பொன்சிங்குடையது. கோயில்பிள்ளையை அண்ணன் என்றும் எப்சிபாயை மைனி என்றும் கூப்பிட்டுக்கொண்டு தினம் ஒரு வேளையாவது அவள் கையால் சாப்பிட்டவன் அவன். அன்றைக்குக் காலையில், தண்ணீர் டேங்க்கை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பும்போது, இன்னைக்கு நான் ஓட்டுதேன் என்று கோயில்பிள்ளை டிரைவர் சீட்டில் ஏறினான், பொன்சிங் சிரித்துக்கொண்டே பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்தான், தலையில் துண்டைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கட்டிக்கொண்டு கோயில்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்ததை எப்சிபாய் கேட்டில் நின்று பார்த்தாள். பதினோரு மணிக்குத் தேரிச் சரிவில் வண்டி புரண்டது. பொன்சிங்குக்குத் தோளெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து இன்ஸ்பெக்டர், வண்டியை யாரும்மா ஓட்டிட்டுப் போனது என்று கேட்டார். அவள் பக்கத்தில் கோயில்பிள்ளையின் அண்ணன் வேதமணி நின்றிருந்தார். "சொல்லு எப்சி. அந்தப் பயதானே ஓட்டினான்?" என்றார். தன் புருஷன் தன்னாலேயே செத்தான் என்பதை அந்த நேரத்தில் அவளால் தாங்க முடியவில்லை. யாராவது ஒருத்தர் அவனைக் கொன்றிருந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. ஆமா என்றாள்.

அந்த ஒரு சொல் வாக்குமூலம் ஆயிற்று, பிறகு கோர்ட்டில் சாட்சி ஆயிற்று, பிறகு பதினான்கு மாதம் ஜெயில் ஆயிற்று. நான் ஓட்டலை என்று பொன்சிங் சொல்லத்தான் செய்தான். விதவையின் வாய்க்கு முன்னால் அது எடுபடவில்லை. லைசென்ஸ் போய், டிராக்டர் போய், திரும்பி வந்து பஸ் ஸ்டாப்பில் பஞ்சர் கடை போட்டுக்கொண்டான். ஆலயத்தில் அவன் குடும்பம் ஒரு ஓரத்திலும் அவள் ஒரு ஓரத்திலுமாக, ஏழு வருஷம் ஒரே பாட்டைப் பாடி ஒரே திருவிருந்து அப்பத்தைத் தின்றார்கள்.

மேகம் வந்து ஐந்தாவது வாரத்தில்தான் ஊர் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் வேதமணி. அவர் ஆலயத்துச் சேகரக் கமிட்டியின் செயலாளர், கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது, தம்பி செத்த நாளிலிருந்து கறுப்புக் கரை வேட்டி தவிர வேறு கட்டாதவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்றபோது சொன்னார்.

"அது ஏன் தினமும் அந்தப் பய வாசல்ல போய் நிக்குது? நான் ராத்திரி பகலா யோசிச்சேன். ரத்தம் சிந்தின இடத்தைக் கர்த்தர் காட்டுதாரு. கோர்ட்டு பதினாலு மாசத்துல விட்டுட்டு. அவரு விடல."

அப்படித்தான் இருக்கும் என்று ஒரு குரல் வந்தது. அப்படித்தான் இருக்கும் என்று பல குரல்கள் வந்தன. அன்று சாயங்காலத்துக்குள் அது எல்லாருக்கும் முன்பே தெரிந்த விஷயம் ஆகிவிட்டது.

ஆலயத்துப் போதகரான ஐயர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்த இளவயது ஐயர் அவர். மறுநாள் சத்துணவுக் கூடத்துக்கே வந்து, புகையில் கண்ணைக் கசக்கியபடி, "உங்களுக்கு முன்னாடிதான் அது போகுது. உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்று கேட்டார்.

எப்சிபாய் பருப்பைக் கிண்டினாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. கரண்டியை விளிம்பில் தட்டி வைத்தாள்.

"எனக்குத் தெரியல ஐயா," என்றாள்.

அதற்குப் பிறகு எலீம்புரத்தில் யாருக்கு பஞ்சர் ஆனாலும் அடுத்த ஊருக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பொன்சிங்கின் மனைவி மரகதம் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை, ஒரு கல் எறியவில்லை, எல்லாரும் அமைதியாக, ஜெபத்தோடு அதைச் செய்தார்கள். பொன்சிங் தினமும் காலையில் கேட்டைத் திறந்து, மேகத்தைச் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஆள் வராத கடைக்குப் போனான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் மகள் ஜெமிமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஆலயத்தில் ஓலை என்கிற கல்யாண அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கருங்காலிவிளையில் மின்வாரியத்தில் வேலை பார்க்கிற பையன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை இல்லையென்றால் கல்யாணம். முதல் ஓலை மேகத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலை வாசித்தபோது ஆலயத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அந்த வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பனார் நான்கு பேரோடு வந்து, மேற்குத் தெருவில் நின்று மேகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போகாமலே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாரோம், அங்கே வச்சு ஒரு முடிவு சொல்லுதோம் என்று மரகதத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எப்சிபாய் ஜெமிமாவைப் பார்த்தாள். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயடியில் கூட்டம் கலையட்டும் என்று வெயிலில் தள்ளி நின்றாள். பிறந்தபோது அவளுக்கு முதல்முதல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் எப்சிபாய். ஜெமிமா அவளைப் பார்த்தாள், வெறுப்பாகப் பார்க்கவில்லை, ஒரு ஆபீசுக் கதவைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எப்சிபாய் மேகத்தின் பின்னாலேயே நடந்தாள். கோயில் தெரு நெடுக நடந்தாள், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினாள், மேற்குத் தெருவின் முனையில் திரும்பினாள். எங்கேயும் நிற்கவில்லை. தெருவில் பெண்கள் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலக் கேட்டுக்கு முன்னால் நின்ற மேகம் அவள் வந்ததும் கேட்டைத் தாண்டி உள்ளே போய், வீட்டு நடைக்கு எதிரே, முற்றத்தில் இறங்கியது.

பொன்சிங் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. முறிந்த தோள் இன்னும் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது.

"வாங்க மைனி," என்றான்.

ஏழு வருஷம் அவள் கேட்காத சொல். அவள் நின்றபடியே அழுதாள். அவன் அழ விட்டான். உள்ளேயிருந்து மரகதம் நிலைப்படிவரை வந்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி, நான் அன்னைக்குச் சொன்னது பொய்," என்றாள் எப்சிபாய். "நான் பாத்தேன். அவருதான் சீட்டுல இருந்தாரு. நான் பாத்துட்டேதான் நின்னேன். அப்புறம் அப்பிடிச் சொல்லிட்டேன்."

பொன்சிங் துணியை மடித்து சைக்கிள் சீட்டில் வைத்தான்.

"அண்ணன் ஓட்டினது எனக்குத் தெரியும் மைனி," என்றான். "உங்களுக்கும் தெரியும். கர்த்தருக்கும் தெரியும். தெரிஞ்ச மூணு பேரும் ஒரு முற்றத்துல நின்னு பேசி என்ன ஆவப்போவுது? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை..."

"அத இப்பக் கேக்காதிய." அவன் குரல் உயரவில்லை. "என் பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை ஓலை."

அவள் திரும்பி நடந்தாள். தெருமுனைக்கு வந்து பார்த்தபோது மேகம் பின்னால் வரவில்லை. சனிக்கிழமை காலையிலும் அவள் முற்றம் வெறுமையாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வெறுமையாக இருந்தது. முழங்கால் போட்டபோது வழக்கமான வார்த்தை வாயில் வரவில்லை. நடக்கச் சொல்கிற வழியெல்லாம் சொல்லியாயிற்று, இனி நடப்பதுதான் பாக்கி என்று அவளுக்கு விளங்கியிருந்தது. ஆறு வாரமாக முன்னால் ஒன்று போய்ப் பழகிவிட்ட தெருவில் அன்று அவள் தனியாகப் போனாள். கோயில் ஐந்து நிமிட நடை. மூன்று இடத்தில் நின்று நின்று போனாள்.

ஆலயம் நிறைந்திருந்தது. கருங்காலிவிளைக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பு நேரம் வந்ததும் ஐயர் மூன்றாவது ஓலையை வாசித்தார், பொன்சிங் மரகதம் ஆகியோரின் குமாரத்தி ஜெமிமா என்று வாசித்தார், இவர்களின் விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் இப்போது சொல்லலாம் என்றார். பின்வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழப்போனார். அதற்கு முன்னால் பெண்கள் பக்கத்திலிருந்து எப்சிபாய் எழுந்தாள்.

அவள் தடை சொல்லப்போகிறாள் என்றுதான் ஊர் நினைத்தது. சொல்லு என்பது போல வேதமணி தலையாட்டினார்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றாள். "மேகம் பொன்சிங் தம்பிய காட்டிக்குடுக்க நிக்கல. என்னைத்தான் அங்க கூப்பிட்டுட்டு இருந்துது. நான் போகாம இருந்தேன். அன்னைக்கு டிராக்டர் ஓட்டினது என் வீட்டுக்காரரு. நான் கண்ணால பாத்தேன். பொய்ச்சாட்சி சொல்லி தம்பிய ஜெயிலுக்கு அனுப்பினது நான்."

"உக்காரு எப்சி," என்றார் வேதமணி. "ஐயா, இவளுக்குப் புத்தி பேதலிச்சிட்டு."

"இல்ல அத்தான்."

"செத்தவன் வந்து பேச மாட்டான்னுதானே? என் தம்பி பேரை..." கிழவரின் உதடு குழந்தையுடையது போல நடுங்கியது. அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன அந்த ஆமாவுக்குப் பின்னால் ஏழு வருஷம் வாழ்ந்துவிட்ட இன்னொரு ஆள் அவர்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுப்பேன்," என்றாள். "ஜெமிமா கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்ல." பிறகு சொல்ல எதுவும் இல்லாததால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் மெல்ல நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கலந்துதான் நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் வெளியே போய் வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் நின்றார், பிறகு உள்ளே வந்து, சொன்ன தேதியிலேயே நடக்கட்டும் என்றார். ஆவணிக் கடைசியில் கல்யாணம் நடந்தது, எப்சிபாய்க்குப் பத்திரிகை வரவில்லை. மேகம் அதுவரை பொன்சிங்கின் முற்றத்திலேயே நின்றது. பெண் புறப்பட்டுப் போன மத்தியானம், அந்த முற்றத்தில் மட்டும் கால்மணி நேரம் மழை பெய்தது, பந்தலும் வாடகை நாற்காலிகளும் நனைந்தன, மழை விட்டபோது மேகம் இல்லை. அது ஆசீர்வாதம் என்று பாதி ஊர் சொன்னது, மீதிப் பாதி நாற்காலிகள் கறைபட்டதைச் சொன்னது. பஞ்சர் கடைக்கு ஒவ்வொருத்தராக சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள், எங்கேயோ பார்த்துக்கொண்டு காற்றடிக்கச் சொன்னார்கள். வேதமணி தம்பியின் கல்லறைக்கு அவள் போகக்கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டார். பொய்ச்சாட்சி வழக்கு பதிவானதும் சத்துணவு வேலையிலிருந்து அவளை நிறுத்திவைத்தார்கள். நீ பேசாம இருந்திருக்கலாம் எப்சி என்று, முன்பு அவளைக் கொடுத்து வைத்தவள் என்று சொன்ன பெண்களே சொன்னார்கள். சில நாட்களில் அவளுக்கும் அப்படித் தோன்றியது. அந்த நாட்களில் அவள் அடுப்பு பற்றவைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாய்தா கார்த்திகையில் வந்தது. சம்மனை ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். பஞ்சர் கடை பூட்டிக் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. தாலுகா கோர்ட்டு வாசலில் இறங்கியபோது கறுப்புக் கோட்டுகளும் போலீஸ்காரர்களும் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று படிக்கட்டும் நான்கு வாசலும் இருந்தன. எதில் ஏற வேண்டும் என்று தெரியாமல், யாரிடம் கேட்பதென்றும் தெரியாமல், அவள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். மேலேயிருந்து யாருடைய பெயரையோ மூன்று தடவை கூப்பிட்டார்கள், அவள் நடுப் படிக்கட்டைப் பார்த்துக் காலெடுத்து வைத்தாள்.

"அது இல்ல மைனி, அது சிவில் கோர்ட்டு."

பொன்சிங் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இவளோடு இதே பஸ்ஸில்தான் வந்திருக்க வேண்டும், பின்னால் எங்கேயோ உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இடது பக்கத்துப் படிக்கட்டைக் கையால் காட்டினான்.

"இப்படி ஏறணும். மூணாவது படி உடைஞ்சு கெடக்கும், பாத்துக் கால வைங்க. மேல போனா ஒரு பெஞ்சு இருக்கு, கூப்பிடுத வரைக்கும் அதுல இருக்கணும். கூண்டுல ஏறினதும் கம்பியப் பிடிச்சுக்கோங்க. மொதத் தடவ கால் நிக்காது."

சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான். இறங்கிய தோளோடு, அவசரப்படாமல், ஒவ்வொரு படியிலும் அவள் வருகிறாளா என்று நின்று காதுகொடுத்துக்கொண்டு ஏறினான். எப்சிபாய் அவன் பின்னால் ஏறினாள்.